கொத்தனாரம்மா

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பயிற்சி தொடங்கியது. எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் பெண்களுக்குக் கொத்தனார் வேலை சொல்லித்தருகிறார்கள். ஆளுக்கொரு டைரி கொடுத்து, தினமும் எழுதினால் தன்னம்பிக்கை வளரும் என்றார் ஹெலன் மிஸ். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து எங்களைப் பார்த்துக்கொள்கிறவர் இவர்தான். டைரி போன வருஷத்தியது. ஏதோ உரக்கடையில் மிச்சமானதாம். கிழமை ஒன்றும் பொருந்தவில்லை, நானே திருத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பூச்சிமருந்து பற்றி நாலு வரி அச்சடித்திருக்கிறது.

மதியம் வரை செங்கல்லைக் கண்ணில் காட்டவில்லை. கைதட்டினோம். கண்ணை மூடி மூச்சு விட்டோம். பிறகு அவரவர் பலம் என்ன, பலவீனம் என்ன என்று அட்டையில் எழுதச் சொன்னார்கள். பலம்: ஒரே நடையில் பத்துச் செங்கல் தூக்குவேன். பலவீனம்: பதினோராவது. ஹெலன் மிஸ் படித்துவிட்டு, இன்னும் ஆழமாக யோசியுங்கள் தவமணி என்றார். யோசித்தேன். பதினோராவதுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

என் வீட்டுக்காரர் கொத்தனார். கல்யாணமானதிலிருந்து அவருக்குச் சித்தாள் நான்தான். கலவை குழைப்பது, சட்டி தூக்குவது, கல் எடுத்துக் கொடுப்பது எல்லாம். பயிற்சிக்குப் போகிறேன் என்றதும், "என்ன, தையலா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்களுக்கு நடந்த பயிற்சி எல்லாம் ஊறுகாயில் தொடங்கித் தையலில் முடிந்தவை.

"பயிற்சிதான்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. நானும் மேலே சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று செங்கல் வந்தது. பயிற்சி கொடுப்பவர் கும்பகோணத்துப் பெரியவர், மேஸ்திரி. கலவையை விரித்துவிட்டு, "எடுத்து வைங்கம்மா" என்றார். நான் எடுத்தேன். எடுத்த கை அதுபாட்டுக்கு மேலே நீண்டது. மேலே வாங்க ஆள் இல்லை. பக்கத்தில் நின்ற செல்லக்கிளி வாங்கினாள். வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். நாங்கள் எல்லோருமே சித்தாள்கள். செங்கல் வட்டமாகச் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது.

"யாராவது ஒருத்தர் அத கீழ வைங்கம்மா" என்றார் மேஸ்திரி.

வைத்தேன். கோணல்.

பிப்ரவரி 12, புதன்

மணல் வரவில்லை. தன்னம்பிக்கை மட்டும் நடந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பயிற்சிக்கு மண் கலவைதான். காலையில் கட்டிய சுவரை மாலையில் நாங்களே பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவிட்டுப் போக வேண்டும். நாளைக்கும் அதே கல்தான். இன்று என் சுவர் இடுப்பு உயரம் வந்தது. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தேன், நூலும் சுவரும் ஒட்டிக்கொண்டு நின்றன. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அடுத்த சுவருக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிரிக்க மனசே வரவில்லை. எல்லோரும் பிரித்து முடித்த பிறகு நான் பிரித்தேன். செல்லக்கிளி, "என்னக்கா, புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த மாதிரி நிக்கிற?" என்றாள். போடி என்றேன்.

மற்ற பெண்கள் சேலையில் ஒட்டிய சாந்தை வீட்டில் என்ன சொல்லி மறைப்பது என்று கவலைப்படுகிறார்கள். எனக்கு அது இல்லை. என் சேலையில் சாந்து இல்லாவிட்டால்தான் கேள்வி வரும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பயிற்சி இல்லாத நாள். அவரோடு வேலைக்குப் போனேன். வாரநாளில் அவருக்கு வேறு பெண் கல் கொடுக்கிறாளாம். "பள்ளம் இருக்குற பக்கத்த கீழ வச்சுக் குடுக்குறா. நான் ஒவ்வொண்ணா திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இத்தனை வருஷம் அவர் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், எப்போது நீளும் என்று. இன்று சுவரைப் பார்த்தேன். ஒரு வரி முடிந்து மூலை திரும்பும்போது அவர் கல்லை லேசாகத் தட்டி உட்காரவைக்கிற அழகு. எனக்கு அது இன்னும் வரவில்லை. பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

"வேடிக்க பாக்காம கல்லக் குடு" என்றார்.

மார்ச் 20, வியாழன்

பயிற்சி நிறைவு விழா. சிறப்பு விருந்தினராக வருவதாக இருந்தவர் வரவில்லை, வரமாட்டோம் என்றிருந்தவர்கள் வந்தார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். மஞ்சள் தொப்பி மாட்டி, கையில் கரண்டியைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். கேசரி கெட்டியாக இருந்தது. கும்பகோணத்து மேஸ்திரி புறப்படும்போது தன் பையிலிருந்து ஒரு கொத்துக் கரண்டியை எடுத்து, "கைப்பிடி புதுசு. நீ வச்சுக்க தாயி" என்றார். எல்லோருக்கும் கொடுத்தாரா என்று செல்லக்கிளியைக் கேட்டேன். இல்லையாம்.

மார்ச் 22, சனி

பேருந்து நிறுத்தத்தில் பேனர் வைத்திருக்கிறார்கள். "தடைகளைத் தகர்ப்போம்" என்று போட்டிருக்கிறது. கட்டப் படித்தவர்களை எதற்குத் தகர்க்கச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. முன்வரிசையில் நான், ஆள் உயரத்துக்கு.

அவர் சாயந்திரம் வந்ததும் கால் கழுவாமல் உட்கார்ந்தார்.

"மஞ்சத் தொப்பி போட்டிருக்குறது நீதான?"

"ஆமா மாமா."

"கையில என்ன அது?"

"கரண்டி."

"சோத்துக் கரண்டியா?"

"கொத்துக் கரண்டி."

"எத்தன நாளா நடக்குது?"

"முடிஞ்சிருச்சு."

எழுந்து போய்க் கால் கழுவினார். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். அவருக்குப் பிடித்தது. கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்.

மார்ச் 27, வியாழன்

எங்கள் பக்கத்தில் வீரமலை மேஸ்திரி கூப்பிட்டால்தான் கொத்தனார்களுக்கு வேலை. இன்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவர் சொன்னாராம்: "பொம்பள கரண்டி புடிச்சுக் கட்டுன வீடு வெளங்காது. நல்லுசாமி, மொதல்ல உன் வீட்டச் சரி பண்ணு. அப்பறம் அடுத்தவன் வீட்டக் கட்டலாம்."

நல்லுசாமி என்பது என் வீட்டுக்காரர் பெயர். எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அவர் அம்மா காலத்திலிருந்து பெண்கள்தான் கரண்டி பிடிக்கிறார்கள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதை டீக்கடையில் போய்ச் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அவர் காலையில் சாமான் பையோடு புறப்படுகிறார். பத்து மணிக்குப் பையோடு திரும்பி வருகிறார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை. இன்று கோழிக்கூண்டைப் பிரித்து மறுபடி கட்டினார். நன்றாகத்தான் இருந்தது முன்பே.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஹெலன் மிஸ் போன் செய்தார். பயிற்சிக்குப் பின் நிலவரம் கேட்கிறார்களாம்.

"தவமணி, உங்க தன்னம்பிக்கை ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு?"

"அஞ்சு மிஸ்."

"ரொம்ப சந்தோஷம். வேலை கிடைச்சிருக்கா?"

"இல்ல மிஸ்."

"ஆனா தன்னம்பிக்கை அஞ்சு?"

"அதுக்கு மணலு சிமெண்டு வேண்டியதில்லையே மிஸ்."

பிறகு, "நான் நாலு எடத்துல சொல்லி வச்சிருக்கேன்மா. நெஜமாவே சொல்லி வச்சிருக்கேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நல்ல பெண்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் நின்று, "கரண்டிய வச்சிரு தவமணி" என்றார்.

"எந்தக் கரண்டிய?" என்று கேட்டேன். கேலிக்கு இல்லை. கையில் ஒன்று இருந்தது, பரணில் ஒன்று இருந்தது.

"எதுன்னு உனக்கே தெரியும்."

போய்விட்டார் என்று நினைத்தேன். போகவில்லை. "நீயும் சாரத்துல ஏறிட்டா எனக்கு யாரு கல்லு குடுப்பா?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை இது ஒன்றுதான். அழுதுவிட்டேன். பாயசம் அடிப்பிடித்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

இரண்டு பேரும் வீரமலை மேஸ்திரியைப் போய்ப் பார்த்தோம். இனிமேல் கரண்டியைத் தொடமாட்டேன் என்று நான் வாயால் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் நாளைக்கு வந்துருங்க" என்றார். அவரும் நல்லபடியாகத்தான் பேசினார், மோர் கொடுக்கச் சொன்னார். எனக்கு இறங்கவில்லை.

கட்டட வேலையில் ஆட்களுக்குப் பெயர் இப்படி: சுவர் கட்டுகிறவர் கொத்தனார். எடுபிடிக்கு நிற்பவன் ஆணாக இருந்தால் பெரியாள். பெண்ணாக இருந்தால் சித்தாள். இரண்டு பேரும் தூக்குகிற சட்டி ஒரே சட்டிதான். யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியவில்லை. சட்டி தூக்கியவர்கள் வைத்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கல் கொடுத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

கல் கொடுத்தேன். மதியம் புளிச்சோறு.

ஏப்ரல் 29, செவ்வாய்

கலவை, கல், தண்ணீர். பக்கத்துக்கு அடியில் இருக்கும் பூச்சிமருந்து வாசகம் நான் எழுதுவதைவிட நீளமாக இருக்கிறது.

மே 2, வெள்ளி

அவர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். நூல் கட்டியிருந்தது. கலவை விரித்தபடி கிடந்தது. இந்த வெயிலுக்கு அது எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று எனக்குத் தெரியும். கல் கையில் இருந்தது. நான் தொடவில்லை. மனசுக்குள் நாலு கல் வைத்துவிட்டேன். நாலும் மட்டம் பிசகாமல் இருந்தன.

அவர் வந்து இறுகிய கலவையைச் சுரண்டிப் போட்டுவிட்டு வேறு கேட்டார். கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சட்டியைப் பார்த்தேன்.

மே 7, புதன்

வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு அம்மா வந்து, "கொத்தனாரம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். எங்கள் தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடும். கொத்தனார் பெண்டாட்டி என்று அர்த்தம். கொத்தனாரைத் தேடி வருகிறவர்கள் ஆம்பளையிடம் நேராகப் பேசக் கூச்சப்பட்டு என்னைக் கேட்பது வழக்கம்.

என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்து வந்து, "கொத்தனார் நான்தான். என்ன வேல சொல்லுங்க" என்றார்.

"உங்கள இல்லண்ணே. கொத்தனாரம்மாவ."

"அவ உள்ள இருக்கா. வேல விவரம் என்கிட்ட சொன்னாப் போதும்."

"அவங்கதானண்ணே கட்டுறவங்க? பேனர்ல பாத்தேன். ஹெலன் மிஸ்ஸும் சொன்னாங்க."

அவர் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே திரும்பி, "உன்னத்தான்" என்றார்.

அந்த அம்மா மைமூன் பீவி, பக்கத்து ஊர். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் இந்த அம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான். கொல்லையில் குளியலறையும் கழிப்பறையும் கட்ட வேண்டும். "ஆம்பள ஆளுங்க வந்தா வேல முடியிற வரைக்கும் நாங்க மூணு பேரும் ஒரே ரூமுல அடஞ்சு கெடக்கணும். நீங்கன்னா வீட்டுக்குள்ள வந்து தண்ணி மோந்து குடிக்கலாம். பக்ரீதுக்கு அவரு வர்றாரு. அதுக்குள்ள முடியுமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மே 8, வியாழன்

"போனா மேஸ்திரி என்னையும் நிறுத்திருவாரு" என்றார்.

"தெரியும்."

"சொன்ன வாக்கு?"

"அது உங்களுக்காகச் சொன்னேன் மாமா. இத எனக்காகச் சொல்றேன். போறேன்."

அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. வேலை போய்விடுமே என்பது ஒன்று. அதைவிட, அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் பெரிய பயம். ஆனால் இரண்டாவது தடவையும் சரி என்று தலையாட்டியிருந்தால், நான் அவரை வெறுக்கத் தொடங்கியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பரணிலிருந்து கரண்டியை எடுத்தேன். துரு ஏறியிருந்தது. தேய்த்தேன்.

மே 9, வெள்ளி

மைமூன் பீவி வீட்டில் அஸ்திவாரம் தோண்டினோம். நானும் செல்லக்கிளியும். நல்ல மண்.

மே 12, திங்கள்

சுவர் தொடங்கியாயிற்று. ஒரு சிக்கல். நாங்கள் இருவரும் கொத்தனார். சித்தாள் இல்லை. சித்தாள் வேலைக்கு மூன்று பேரைக் கேட்டேன். வீரமலை மேஸ்திரிக்குப் பயந்து ஒருத்தியும் வரவில்லை. நான் கட்டும்போது செல்லக்கிளி கல் கொடுக்கிறாள், அவள் கட்டும்போது நான். பாதி வேகம்தான். இப்படியே போனால் பக்ரீதுக்குச் சுவர் நிற்கும், கூரை நிற்காது. மைமூன் பீவி ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் மூன்று தடவை கொடுத்தார்.

அவரை மேஸ்திரி நிறுத்திவிட்டார். எனக்கு அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். அவர் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு உப்பு, தண்ணீர் என்ற அளவில் நடக்கிறது.

மே 14, புதன்

செல்லக்கிளி பிள்ளைக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். நானே குழைத்து, நானே தூக்கி, நானே ஏறி, வைத்து, இறங்கி, மறுபடி தூக்கி. மதியம் வரைக்கும் இரண்டு வரி. மைமூன் பீவியின் பெரிய பெண் பார்த்துவிட்டு, தான் கல் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். காலேஜ் போகிற பிள்ளை, வேண்டாம் என்றேன். இந்த வேலையை எடுத்தது தப்போ என்று இன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது. தோன்றியதை இங்கே தவிர எங்கும் சொல்ல மாட்டேன்.

மே 15, வியாழன்

செல்லக்கிளி இன்றும் வரவில்லை. காலையில் தனியாக நூல் கட்டிக்கொண்டிருந்தேன். கொல்லைப்புற வேலிக்கு வெளியே யாரோ செருமுகிற சத்தம். அவர். பையில்லாமல் வந்திருந்தார். தோளில் துண்டு மட்டும்.

என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பிறகு சுவரிடமே கேட்கிற மாதிரி, "பெரியாள் வேல ஏதும் இருக்கா?" என்றார்.

உடனே வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பெரியாள் வேல இல்ல" என்றேன். "சித்தாள் வேல இருக்கு."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மாட்டுவண்டி போய்த் தீர்கிற நேரம் இருக்கும்.

"சரி" என்றார்.

வீட்டில் ஆம்பளை வேண்டாம் என்றுதானே என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் மைமூன் பீவியைக் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணன் கொத்தனாரா வந்திருந்தா வேணாம்னு சொல்லிருப்பேன். சித்தாளாத்தான வந்திருக்காரு? வரட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரர் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். அது ஒரு பக்கம் சரிந்து காதில் விழுந்தது. எத்தனை ஆயிரம் தடவை நான் சும்மாடு சுற்றுவதைப் பார்த்திருப்பார், கை பழகவில்லை. நான் இறங்கி வந்து அவிழ்த்துச் சுற்றி வைத்துவிட்டேன். தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார். மைமூன் பீவியின் சின்னப் பெண் சிரித்தாள். அவர் அதையும் கேட்டுக்கொண்டார்.

பத்துக் கல் அடுக்கித் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. ஆறு தூக்கினார்.

வேலை ஓடியது. கல்லை அவர் பள்ளம் மேலே இருக்கும்படி திருப்பித்தான் கொடுத்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. மூலையில் நான் ஒரு கல்லைத் தட்டி உட்காரவைக்கும்போது வாய் திறக்கப் போனார். திறக்கவில்லை. அந்தக் கல் தானாக உட்கார்ந்துவிட்டது. மதியச் சோறு மைமூன் பீவி வீட்டில். மீன். அவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மாலைக்குள் சுவர் கதவு உயரத்துக்கு வந்துவிட்டது. பக்ரீதுக்கு முடிந்துவிடும். முடியும் என்று மைமூன் பீவியிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் டீக்கடை. வீரமலை மேஸ்திரி பெஞ்சில் இருந்தார். என் வீட்டுக்காரர் தலையிலிருந்து சும்மாட்டை எடுக்க மறந்துபோயிருந்தார். நான் எடுக்கச் சொல்லவில்லை. அப்படியே கடையைத் தாண்டி நடந்தோம்.

வந்ததும் தரையில் படுத்துவிட்டார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். இடுப்பில் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"முதுகு, இடுப்பு, கழுத்து எல்லாம் சேந்து வலிக்குது. ஒனக்கும் இப்படித்தான் வலிக்குமா?"

"வலிக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்."

சொம்பு கையிலேயே இருந்தது. பிறகு, "பழகிருமா?" என்று கேட்டார்.

பழகாது. எனக்கு இன்றுவரை பழகவில்லை.

"ரெண்டு நாள்ல பழகிரும் மாமா" என்றேன். நாளைக்கு ஆள் வேண்டும்.